மேனிஃபோல்ட் கசிவு: நட்டை இறுக்கினால் போதுமா?

பழைய அம்பாசிடர் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கசிந்தால் நட்டை இன்னும் இறுக்கினால் போதும் என்று ஒரு கருத்து இருக்கிறது. நட்டு தளர்ந்திருந்தால் மட்டுமே அது சரி. அந்தக் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. பல வருடச் சூட்டில் எஞ்சினோடு பொருந்தும் அதன் முகம் கோணிவிடும். கோணியதை ஸ்பேனரால் நேராக்க முடியாது. அளவுக்கு மீறி இறுக்கினால் நட்டு ஏறும் துருப்பிடித்த ஸ்டட் (திருகுக்கம்பி) எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அதை எடுப்பது பெரும்பாடு, தயவுசெய்து வேண்டாம்.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியதும் மேனிஃபோல்டைக் கழற்றுங்கள். இடையில் இருக்கும் கேஸ்கெட்டில் (கசிவைத் தடுக்கும் தகட்டில்) கரிக்கோடு ஓடிய இடம்தான் கசிவு. முகங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஸ்டீல் ஸ்கேலை நெடுக்காக வையுங்கள். அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தால், லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்திவிட்டுப் புது கேஸ்கெட் போட வேண்டும்.