சிம்மை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்

மொபைல் இணையத்தில் எந்த நாடு முன்னால், எந்த நாடு பின்னால் என்று ஒரு அட்டவணை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் "100 பேருக்கு இத்தனை இணைப்பு" என்ற கணக்குதான் அதில் இருக்கும். அதை வைத்து ஒரு கூட்டம் பெருமைப்படும், இன்னொரு கூட்டம் தலைகுனியும். இரண்டுமே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இணைப்புக் கணக்கு கம்பெனிகளின் வியாபாரத்தைச் சொல்லும். மக்களின் நிலையை அது சொல்லாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 100 பேருக்கு ஏறக்குறைய 200 மொபைல் இணைப்புகள் இருக்கின்றன. அங்கே ஆளுக்கு இரண்டு கை இருப்பதுபோல எல்லோரிடமும் இரண்டு போன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேலைக்கு ஒரு எண், சொந்தத்துக்கு ஒரு எண், டேட்டாவுக்குத் தனி சிம், வந்து போகிறவர்கள் வாங்கும் சிம் என எல்லாம் சேர்ந்த தொகை அது. இங்கேயும் அதே கதைதான். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதாமாதம் வெளியிடும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நகரங்களில் 100 பேருக்கு 130-க்கு மேல் தொலைபேசி இணைப்பு. கிராமங்களில் 60-ஐ ஒட்டித்தான். டெல்லி தொலைத்தொடர்பு வட்டத்தில் 250-ஐயும் தாண்டும். இதையெல்லாம் கூட்டி இந்தியாவுக்கு ஒரே சராசரி போட்டால், டெல்லிக்காரரின் மூன்றாவது சிம் கிராமத்தில் போனே இல்லாத ஒருவரின் இடத்தை நிரப்பிவிடுகிறது.

அதே அறிக்கையில் 'இயங்கும் இணைப்புகள்' என்று தனிக் கணக்கும் டிராய் தருகிறது. நல்ல விஷயம். பெட்டியில் தூங்கும் சிம்கள் அதில் கழிந்துவிடும். ஆனால் ஒரே ஆளிடம் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு சிம்மை அது ஒரு ஆளாக மாற்றாது. அதற்கு வீடு வீடாகப் போய் ஆளைக் கேட்டாக வேண்டும்.

கேட்டபோது என்ன வந்தது? ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் நடந்தது. பெண்களிடம் நேரடியாகக் கேட்ட ஆய்வு அது. இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறேன் என்று சொன்ன பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். கிராமத்துப் பெண்கள் என்று பார்த்தால் 24.6 சதவீதம்தான். பீகார் பெண்களில் ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டிலேயே பாதிக்கும் குறைவு, 46.9 சதவீதம். அதே காலத்தில், 2020 முடிவில், நாட்டில் பிராட்பேண்ட் இணைப்புகள் 74 கோடியைத் தாண்டிவிட்டன என்று செய்தி வந்தது. இரண்டு எண்களும் பொய்யில்லை. ஆனால் மேடையில் பேசப்பட்டது 74 கோடி மட்டும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், நாடுகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 'பயன்படுத்துகிறவர்' யார் என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் கடந்த மூன்று மாதத்தில் பயன்படுத்தினாரா என்று பார்க்கச் சொல்கிறது. சீனாவின் அதிகாரபூர்வ கணக்கு ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு கடந்த ஆறு மாதத்தைப் பார்க்கிறது. 2023 இறுதியில் அதன்படி 109 கோடி பேர், 77.5 சதவீதம். இந்தியாவில் தொழில்துறைச் சங்கம் வெளியிடும் கணக்கு கடந்த ஒரு மாதத்தைப் பார்க்கிறது. மேலே சொன்ன குடும்ப நல ஆய்வோ 'எப்போதாவது' என்று கேட்டது, அதுவும் பெண்களில் 15 முதல் 49 வயதுக்காரர்களிடம் மட்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் கேட்கிறது. இவற்றை ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது தவறு. அளவுகோலைச் சரிசெய்தாலும் சீனா நம்மைவிட முன்னால்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு முன்னால் என்பதை அந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது அடுத்த சிக்கல். கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனத்தின் ஹெலானி கல்பாயா 2012-ல் இந்தோனேசியாவில் ஆய்வு செய்தபோது, இணையம் பயன்படுத்துவதில்லை என்று சொன்னவர்களே குழுவாக உட்கார்ந்து பேசும்போது ஃபேஸ்புக்கைப் பற்றி உற்சாகமாகப் பேசினார்கள். இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். என் சித்தி தினமும் சாயங்காலம் யூடியூபில் கோலம் பார்ப்பார், ரவிக்கைத் தையல் பார்ப்பார். துபாயில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார், எழுதுவதில்லை. "சித்தி, நீங்க நெட் யூஸ் பண்றீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு எங்கப்பா தெரியும், தம்பிதான் ரீசார்ஜ் பண்ணிக் குடுப்பான்" என்றார். கணக்கெடுப்பாளர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. அம்மாவின் பெயரில் சிம் இருக்கும், போன் மகனின் சட்டைப் பையில் இருக்கும். முதியோர் உதவித்தொகைக்கோ பட்டா மாறுதலுக்கோ இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கவனியுங்கள். ஓடிபி திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கும் மகனுக்குப் போகும். இவர் பக்கத்தில் இருப்பவரிடம் போனை வாங்கி, "ஒரு நம்பர் வந்திருக்குமே, அதைச் சொல்லுப்பா" என்று கெஞ்சுவார். ஷிப்டில் இருக்கும் மகன் எடுக்க மாட்டான். எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து. இணைப்புக் கணக்கில் இந்த அம்மா இருக்கிறார். ஆள் கணக்கில் இல்லை.

பணம் எங்கே போகிறது என்பதை இந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன. மொபைல் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ, சிம்மைத் தாண்டி ஆளை எண்ண முயல்கிறது. அதன்படி 2023-ல் உலக மக்களில் 57 சதவீதம் பேர் மொபைல் இணையம் பயன்படுத்தினார்கள். சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் வெறும் 4 சதவீதம். மீதி 39 சதவீதம் பேர், அதாவது 300 கோடிக்கும் மேல், டவர் எட்டும் இடத்தில் இருந்தும் பயன்படுத்தாதவர்கள். இவர்களுக்குக் குறை டவர் இல்லை. டச் போன் வாங்கக் காசு இல்லை, எழுத்து கைகூடவில்லை, தங்கள் மொழியில் வேண்டியது கிடைப்பதில்லை, வீட்டில் விடுவதில்லை. ஆனால் அரசுகளின் நிதி இன்னும் பெரும்பாலும் டவருக்கும் கேபிளுக்குமே போகிறது. டவரை ரிப்பன் வெட்டித் திறக்கலாம். ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு போன் கிடைப்பதற்கு எந்த விழாவும் கிடையாது.

மொபைல் இணையப் பயன்பாட்டில் தெற்காசியாவின் ஆண்-பெண் இடைவெளி 2023-ல் 31 சதவீதம் என்று அதே சங்கம் சொன்னது. இதைப் பலர் '31 சதவீதப் பெண்களிடம் இல்லை' என்று தவறாகப் பகிர்கிறார்கள். ஆண்களின் விகிதம் 100 என்றால் பெண்களின் விகிதம் 69 என்பதே இதன் பொருள். முந்தைய ஆண்டு இந்த இடைவெளி 41. ஒரே ஆண்டில் பத்துப் புள்ளி குறைந்ததை நான் மனதார வரவேற்கிறேன். ஆளைக் கேட்டு எண்ணியதால்தான் இந்த மாற்றமே நமக்குத் தெரிந்தது. சிம் கணக்கில் இது தெரிந்திருக்காது.

வகுக்கும் எண்ணும் நம்மிடம் சரியாக இல்லை. 2021-ல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் '100 பேருக்கு' என்று வரும் எல்லாமே 2011-ஐ வைத்துப் போட்ட மதிப்பீட்டில்தான் நிற்கின்றன. புதிய கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் கேள்விகளில் இணைய வசதி பற்றியும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது வீட்டைக் கேட்கும் கேள்வி. மகனின் பையில் ஒரு போன் இருந்தால் அந்த வீடு 'ஆம்' ஆகிவிடும்.

அதனால் என் கோரிக்கை இதுதான். அரசு ஆண்டுக்கு ஒருமுறை, கடந்த மூன்று மாதம் என்ற அதே அளவுகோலில், மாவட்டவாரியாக ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக, அவரவர் வாயாலேயே கேட்க வேண்டும். குடும்பத் தலைவரிடம் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் வாங்கக் கூடாது. "இணையம் உண்டா" என்று நிறுத்தாமல் யூடியூப் பார்ப்பீர்களா, வாட்ஸ்அப்பில் பேசுவீர்களா, யார் போனில், உங்களுக்கு வேண்டிய நேரத்தில் அது உங்கள் கையில் இருக்குமா என்றும் கேட்க வேண்டும். அந்தப் பதில்கள் டிராயின் இணைப்புக் கணக்குக்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில், அச்சாக வேண்டும்.