முக்கியப் பணியாளர்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

எந்த எஞ்சினியரிங் நிறுவனத்தின் அறிமுகத்தைப் பார்த்தாலும் ‘முக்கியப் பணியாளர்கள்’ பகுதி ஒரே மாதிரிதான் இருக்கிறது. பட்டம், 25 ஆண்டு அனுபவம், முன்பு வேலை பார்த்த பெரிய கம்பெனிகள், அவ்வளவுதான். சரி, அந்த 25 ஆண்டில் அவர் என்ன செய்தார்? டிசைன் கணக்கு போட்டாரா, அடுத்தவர் போட்டதைச் சரிபார்த்தாரா, சைட்டில் நின்று வேலை வாங்கினாரா, இல்லை மீட்டிங்குகளிலேயே காலம் போனதா? இது தெரியாமல் வெறும் ஆண்டுக் கணக்கை வைத்து ஒருவரை நம்ப என்னால் முடியாது.

கனடாவின் கியூபெக் பாலத்துக்கு ஆலோசனைப் பொறியாளராக இருந்த தியோடர் கூப்பரின் பயோடேட்டாவில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது, அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே பேர்பெற்ற பாலப் பொறியாளர்களில் ஒருவர் அவர். ஆனால் உடம்பு சரியில்லாததால் நியூயார்க்கில் இருந்தபடியே வேலையை நடத்தினார், இரும்புக் கட்டுமானம் மேலே ஏறிய காலத்தில் சைட் பக்கம் போகவே இல்லை. நடு ஸ்பானை (இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள நீளத்தை) 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டிய பிறகும் பாலத்தின் சொந்த எடையைச் சரியாகத் திரும்பக் கணக்கிடவில்லை. இரும்பு உறுப்புகள் வளைவதைக் கவனித்து அளந்து எழுதியவர் சைட்டில் இருந்த நார்மன் மெக்லூர் என்ற இளைஞர். அவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை, நேரில் நியூயார்க் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. மேற்கொண்டு பாரம் ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி கொடுத்தார், அதுவும் சைட்டுக்குப் போகாமல் பாலத்தைக் கட்டிய கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனது. அன்று மாலையே, 1907 ஆகஸ்ட் 29-ல், பாலம் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

1981-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மேல் பாலத்தையும் கீழ்ப் பாலத்தையும் ஒரே கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த டிசைனை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்தே தொங்கும்படி ஆனதால், மேல் பாலத்து இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது, அந்த இணைப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், செக்கிங் எஞ்சினியர், சைட் இன்சார்ஜ், தர ஆய்வாளர், நல்ல ஃபோர்மேன் எல்லாரும் முக்கியப் பணியாளர்கள்தான். டிப்ளமோ முடித்து ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே வளர்ந்த ஒருவர் வெல்டைப் பார்த்ததும் கேட்கிற கேள்வியை, முனைவர் பட்டம் வாங்கிய எல்லாராலும் கேட்டுவிட முடியாது. (படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இரண்டும் ஒரே டீமில் வேண்டும்.)

இன்னொன்று, டெண்டரில் ஒருவருடைய சிவியைக் காட்டி வேலையைப் பிடித்துவிட்டு அப்புறம் சைட்டுக்கு வேறு ஆளை அனுப்புவது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம், எனக்கு இது பச்சை ஏமாற்று. வேலை கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே பெயரை எழுதி, ஆளை மாற்றினால் எங்கள் அனுமதி வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். நிறுவனம் நடத்துபவர்கள் உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் எந்த வேலையில் எதற்குப் பொறுப்பாக இருந்தார், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இவருக்கு உண்டா என்று எழுதுங்கள்.