நீட்டுன கைய புடிக்கணும்

சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ்ல ஒரு பையன், வயசான ஒரு சீன அக்காவோட ஜோடி சேர்ந்து ஆட மாட்டேன்னுட்டான். அத நேத்து நாலு வரில போட்டேன், அதுக்கு வந்த கமெண்ட்டெல்லாம் பாத்துட்டு ராத்திரி தூக்கமே வரல, அதனால முழுசா சொல்லிடறேன். சமூக மன்றத்துல நடக்குறது சோஷியல் டான்ஸ். அதுல ஆள் மாத்தி ஆடறதுதான் பாடமே. மாத்த மாட்டேன்னா பிரைவேட் கிளாஸ் இருக்கு, அங்க போகலாம்.

"அந்தப் பையன் காசு கட்டித்தானே வந்திருக்கான்"னு எழுதின அண்ணே, அந்த சீன அக்கா மட்டும் சும்மாவா வந்தாங்க? 67 வயசு. டீச்சர் "சேஞ்ச் பார்ட்னர்" சொல்ற ஒவ்வொரு தடவையும் கைக்குட்டைய எடுத்து உள்ளங்கைய தொடச்சிட்டுத்தான் அடுத்த ஆளுக்கு கை நீட்டுவாங்க, வேர்வை யாருக்கும் ஒட்டக்கூடாதுன்னு. அன்னிக்கும் தொடச்சாங்க, நீட்டுனாங்க. அவன் தன் கேர்ள்ஃப்ரெண்ட் கைய விடாம, இவங்களோட ஆடுனா எனக்கு ஸ்டெப் மறந்துரும்னு சொல்லிட்டு திரும்பிக்கிட்டான். நீட்டுன கை அப்படியே நின்னுச்சு.

மறந்துரும்னா நீ கத்துக்கவே இல்லன்னு அர்த்தம் தம்பி. வால்ட்ஸ்ல, அதான் ஒன் டூ த்ரீன்னு எண்ணி ஜோடியா ஆடற டான்ஸ்ல, நீ இடது கால முன்னால வைக்கும்போது எதிர்ல இருக்கவங்க வலது கால் பின்னால போகணும், அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? கையப் புடிச்சு இழுக்குறதுல இல்ல, உன் உடம்பு நகர்றதுல, அவங்க முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்புல வெச்சிருக்க உன் வலது கை வழியாத்தான் தெரியும். ஒரே ஆளோட ஆடிக்கிட்டே இருந்தா அந்தப் பொண்ணுக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடும், அவளே நகந்துருவா, நீ லீட் பண்றதா, அதாவது நீதான் அவள நடத்திட்டுப் போறதா நெனச்சிக்குவ. புது ஆள் கைய புடிக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதுக்குத்தான் மாத்தறது.

எங்கப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல ஃபிட்டர். கிறிஸ்துமஸ் சமயத்துல ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க ஆடறத ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு பாத்திருக்கேன், அப்ப ஒம்போது பத்து வயசு. தாத்தா பேத்தியோட ஆடுவார், மருமகன் மாமியாரோட ஆடுவார், ஓரமா உக்காந்திருக்க கிழவியக் கூட யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்க. நான் பாத்த டான்ஸ் அதுதான்.

இதுல "இப்படி ஜோடியா ஆடறது நம்ம கலாசாரம் இல்ல"ன்னு ஒருத்தர். 1816ல லண்டன்ல அரச விருந்துல வால்ட்ஸ் ஆடுனாங்கன்னு டைம்ஸ் பத்திரிகை ஆபாசம்னு திட்டி எழுதுச்சு, 200 வருஷம் தாண்டி நீங்களும் அதையே எழுதறீங்க, உங்களுக்கு பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல.

வேணாம்னு சொல்ற உரிமை இல்லையான்னு ஒரு தங்கச்சி கேட்டுச்சு. இருக்கும்மா. தப்பா கை வெச்சா, வலிக்கிற மாதிரி இழுத்தா, அந்த நிமிஷமே விட்டுட்டு டீச்சர்கிட்ட சொல்லணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்த அக்கா என்ன பண்ணாங்க, வயசானதத் தவிர?

எனக்கும் இது நடந்திருக்கு, இதுவரை எங்கயும் சொன்னதில்ல. நான் சேந்த முதல் மாசம், ஒருத்தர் என் விரல் நுனிய மட்டும் தொட்டுக்கிட்டு மொத்தப் பாட்டும் ஆடி முடிச்சாரு. கறுப்பா இருக்கேன்னா, வயசா, என்னன்னு நான் கேக்கல. தண்ணி குடிக்கிற மாதிரி ஹால் ஓரத்துல போய் நின்னுட்டேன். அப்ப வந்து என் கைய முழுசா புடிச்சது இந்த அக்காதான். எப்பவும் பொம்பளைங்க ஜாஸ்தி, ஆம்பளைங்க கம்மி, அதனால அவங்க ஆம்பள ஸ்டெப்பும் கத்து வெச்சிருக்காங்க. வா, நான் லீட் பண்றேன்னாங்க. ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீன்னு என் காதுகிட்ட எண்ணிக்கிட்டே ஹால ரெண்டு சுத்து சுத்தி கொண்டு வந்தாங்க. நான் இன்னிக்கு ஆடறேன்னா அந்த ரெண்டு சுத்துனாலதான். அந்தக் கையத்தான் அவன் தொடல.

இந்த வாரம் கிளாஸ்ல சா சா சாங்கிற அடுத்த டான்ஸ் ஆரம்பிக்கிறாங்க. முட்டி வலி, வரலன்னு அக்கா காலைல மெசேஜ் போட்டிருக்காங்க. போன வாரம் வரைக்கும் அவங்க முட்டிக்கு ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை ஆறரைக்கு அவங்க பிளாக் கீழ போய் நிக்கப்போறேன்.