"மாதாமாதம் பணம் தானாக வரும்" என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்

கலிஃபோர்னியாவில் வீட்டு விலை கைக்கு எட்டாது என்று தெரிந்ததும், நம்மவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்து கிளம்பும் பேச்சு இதுதான். "இண்டியானாபோலிஸில் வாங்கு, மெம்ஃபிஸில் வாங்கு, கிளீவ்லேண்டில் வாங்கு. பழுது பார்த்து வாடகைக்குத் தயாராக்கிய டர்ன்கீ வீடு. ஆள் உள்ளேயே வாடகைக்கு இருக்கிறார். மேனேஜர் எல்லாம் பார்த்துக்கொள்வார். மாதாமாதம் பணம் தானாக வரும்." கூடவே ஒரு பக்கக் கணக்குத் தாள் ஒன்று வரும். மேலே வாடகை, நடுவில் சில செலவுகள், கீழே பச்சை நிறத்தில் லாபம்.

எனக்கு ஆத்திரம் வருவது அந்தத் தாளைப் பார்த்தால்தான். வெளிமாநிலத்தில் வீடு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கே இண்டியானாபோலிஸில் ஒன்று இருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக இதில் இறங்குகிறவர் கையில் கொடுக்கும் முதல் காகிதமே பொய்யாக இருக்கிறதே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சொத்து வரியையே எடுத்துக்கொள்வோம். இண்டியானாவில் சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வரியின் உச்சவரம்பு வீட்டு மதிப்பில் 1 சதவீதம். அதே வீட்டை வாடகைக்கு விட்டால் வரம்பு 2 சதவீதம். கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) 2,00,000 டாலர் என்று மதிப்பிட்ட வீட்டுக்கு முதல் கணக்கில் 2,000 டாலர் வரை, இரண்டாவது கணக்கில் 4,000 டாலர் வரை போகலாம். பள்ளிக்கூடத்துக்கென்று மக்கள் வாக்களித்துப் போட்ட வரி இந்த வரம்புக்கு வெளியே, தனி. தாளில் எந்த வரியைப் போடுகிறார்கள்? முன்பு அங்கே சொந்தமாகக் குடியிருந்தவர், ஹோம்ஸ்டெட் (சொந்தக் குடியிருப்பு) சலுகையோடு கட்டிய பழைய வரியை! வாங்குகிறவர் ஒருநாளும் கட்டப்போகாத வரியை!

இதில் இன்னொரு கொடுமை, இண்டியானாவில் இந்த வருடத்து வரிக்கு பில் அடுத்த வருடம்தான் வரும். அதனால் முதலில் எல்லாம் தாளில் போட்டபடியே நடப்பதுபோலத் தெரியும். அப்புறம் ஒருநாள் கடன் கொடுத்தவரிடமிருந்து கடிதம் வரும்: எஸ்க்ரோவில் (வரிக்கென்று தவணையோடு அவர் வாங்கிவைக்கும் பணத்தில்) பற்றாக்குறை, இனி மாதத் தவணை இவ்வளவு கூடும் என்று. அதற்குள் விற்றுக் கொடுத்தவர் கமிஷனை வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருப்பார்.

என் வீட்டை வாங்கும்போது கவுண்டியின் இணையதளத்தில் பார்த்து, 2 சதவீதம் போட்டுத்தான் கணக்குப் பண்ணினேன். விற்றவர்களிடம், "உங்கள் தாளில் வரி தப்பாக இருக்கிறது, திருத்துங்கள்" என்றும் சொன்னேன். "வரி மாறலாம் என்று அடியில் போட்டிருக்கிறோமே சார்" என்று பதில் வந்தது. கண்ணில் படாத பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சரி, சொல்லியாயிற்று, திருத்துவார்கள் என்று நினைத்தேன். சில மாதம் கழித்து என் மச்சானுக்கும் தாள் வந்தது. அதே தெரு, வேறு வீடு, அதே பழைய வரி. தெரியாமல் செய்தால் தவறு என்று விடலாம். தெரிந்தே திரும்பச் செய்வதற்கு என்ன பெயர்?

அடுத்தது, வீடு காலியாக இருக்கும் காலம். பல தாள்களில் அதற்கு இடமே இல்லை, வருடம் முழுக்க வாடகை வந்துகொண்டே இருக்கிறது. 1,700 டாலர் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலி செய்து, அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால் 1,700 போச்சு. புது ஆளைப் பிடித்துக் கொடுத்ததற்கு மேனேஜர் கம்பெனி பாதி மாத வாடகை முதல் ஒரு மாத வாடகை வரை எடுத்துக்கொள்ளும். முழு மாதம் என்றால் இன்னொரு 1,700. ஆண்டு வாடகையில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. பெயின்ட், கார்ப்பெட், சுத்தம் செய்த கூலி எதுவும் இதில் இல்லை. மேனேஜர் கம்பெனி மாதாமாதம் வாடகையில் பிடிக்கும் 8 முதல் 10 சதவீதமும் இதில் இல்லை. அதோடு, வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், யாராவது உடைத்தாலும் குழாய் வெடித்தாலும் பணம் தரமாட்டோம் என்று பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இருக்கிறது. இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும்: இத்தனை டாலருக்கு உட்பட்ட ரிப்பேரை உரிமையாளரைக் கேட்காமலே செய்யலாம். குழாய் ஒழுகினால் ஒவ்வொன்றுக்கும் போன் பண்ண முடியாது, நியாயம்தான். என் ஒப்பந்தத்தில் அது 300 டாலர். எனக்கு வரும் பில் எல்லாம் 285, 290, 295! கழிவறைத் தொட்டிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மூடியை மாற்றியதற்கு 285 டாலர் பில் வந்தது. கடையில் சில டாலருக்குக் கிடைக்கிற சாமான். ஆதாரத்துக்கு ஒரே ஒரு படம், அதுவும் மங்கல். அதில் தெரிந்தது என் வீட்டுக் கழிவறைதானா என்றே சொல்ல முடியவில்லை. விளக்கம் கேட்டால், "வெண்டர் போட்ட விலை" என்கிறார்கள். அந்த வெண்டர், அதாவது ரிப்பேர் செய்தவர், யார் என்று பார்த்தால் அவர்களுடைய சொந்தக் கம்பெனி. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறவன் நேரில் வந்து பார்க்கமாட்டான் என்கிற தைரியம்தானே இது?

அதனால்தான், ஆரம்பிக்கிறேன் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: வீட்டைத் தேடும் முன்னால் மேனேஜரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தை முழுசாக வாங்கிப் படியுங்கள். ரிப்பேர் பில்லின் மேல் எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தனிக் கட்டணமா, பாதியில் விலகினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடு என்றால், சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இன்ஸ்பெக்‌ஷனில் அது கிடையாது, தனியாகக் காசு கொடுக்க வேண்டும். பழைய களிமண் குழாய்க்குள் மரவேர் புகுந்திருந்தால், தோண்டி மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். இன்ஸ்பெக்டரை விற்கிறவர் கைகாட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பற்றி எரிவது "வருமான வரி மிச்சமாகும்" என்கிற பேச்சு. கட்டடத்தின் விலையை 27.5 வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானமாகக் கழிக்கலாம், உண்மை. நிலத்தின் மதிப்புக்கு அது கிடையாது. அந்தக் கழிவால் காகிதத்தில் நஷ்டம் வந்தால், சம்பளத்திலிருந்து 25,000 டாலர் வரை கழிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சலுகை 1,00,000 டாலர் வருமானத்திலிருந்து குறைய ஆரம்பித்து 1,50,000-இல் அடியோடு மறைந்துவிடும். 1986-இல் போட்ட வரம்பு, இன்றுவரை உயர்த்தவே இல்லை. கணவனும் மனைவியும் ஐடியில் வேலை பார்க்கும் வீட்டில் போய், அவர்களுக்குப் பத்துக் காசு உடனே கிடைக்காத சலுகையைச் சொல்லி ஆசை காட்டுகிறார்கள்! அந்த நஷ்டம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், பிற்பாடு உதவும். இந்த வருட ரிட்டர்னில் ஒன்றும் வராது. விற்கும்போது, கழித்த தேய்மானத்துக்கு 25 சதவீதம் வரை ஃபெடரல் வரி கேட்பார்கள் என்பதை வாயே திறக்கமாட்டார்கள்.

"வேறு மாநிலத்தில் எல்எல்சி போடுங்கள், பாதுகாப்பு" என்று இன்னொரு யோசனை. எல்எல்சி என்றால், வழக்கு வந்தாலும் சொந்தச் சொத்தைத் தொடாதபடி வீட்டைத் தனிக் கம்பெனி பெயரில் வைப்பது. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு அதை நடத்தினால், கலிஃபோர்னியாவுக்கு வருடம் குறைந்தது 800 டாலர் கட்ட வேண்டும். ஒரு சின்ன வீட்டின் லாபத்தில் 800 டாலர் என்ன லேசான காசா?

இத்தனை பேச்சிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜனவரிக் குளிரில் ஹீட்டர் நின்றுவிட்டது என்று அவர்கள் மேனேஜருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் செய்தி வந்தது மூன்று நாள் கழித்து. உள்ளே சின்னக் குழந்தை இருக்கிறது! கிளீவ்லேண்ட் 2024-இல், வெளியூர் உரிமையாளர் உள்ளூரில் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. 1978-க்கு முந்தைய வாடகை வீடுகளுக்கு ஈய பெயின்ட் ஆபத்து இல்லை என்று சான்றிதழும் கேட்கிறது. குழுவில் ஒருவர் இதைத் "தொல்லை" என்று எழுதினார். குழந்தை சுவரைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கும் வீட்டை வைத்துச் சம்பாதிக்க வருகிறவருக்கு இது தொல்லையா?

அடுத்த தடவை அந்தத் தாளை அனுப்புகிறவர்கள், வாடகை வீட்டுக்கான வரியைப் போட்டு அனுப்புங்கள். காலி மாதத்தையும் ஆள் பிடிக்கும் கட்டணத்தையும் போடுங்கள். ரிப்பேருக்கு நிஜமான தொகையைப் போடுங்கள். அப்புறமும் கீழே பச்சை நிறம் மிஞ்சினால், நானே மச்சானிடம் வாங்கச் சொல்கிறேன்.