க்யூவுக்குப் பக்கத்தில் யூ கட்டாயமில்லை
எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில், "கையில் க்யூ (Q) இருந்து யூ (U) இல்லையென்றால் தேடவே வேண்டாம், ஈராக், கத்தார் மாதிரி ஊர்ப்பெயர்தான் வரும்" என்று சிலர் சொல்வது தவறு. ஊர்ப்பெயர் ஸ்க்ராபிளில் செல்லாது என்பது மட்டும் சரி. யூ இல்லாத க்யூ வார்த்தைகள் அகராதியில் கணிசமாகவே இருக்கின்றன. ஏமனில் மெல்லும் இலையான "காட்" என்பதை க்யூ-ஏ-டி (qat) என்று எழுதலாம், நிகாப், ஃபகீர் இரண்டையும் க்யூ போட்டு எழுதினால் செல்லும், பெரும்பாலும் அரபியிலிருந்து வந்த சரக்கு. விசைப்பலகைக்குப் பெயரான க்வெர்ட்டியும் உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது உயிராற்றலைக் குறிக்கும், சீனத்திலிருந்து வந்த "ச்சீ", எழுதுவது க்யூ-ஐ (qi), இரண்டே எழுத்து. வட அமெரிக்க ஸ்க்ராபிள் வார்த்தைப் பட்டியலில் இது 2006-இல்தான் சேர்ந்தது, பழைய அகராதியை வைத்து ஆடுபவர்கள் இன்னும் "அப்படி ஒரு வார்த்தையா" என்று சண்டைக்கு வருவது அதனால்தான். க்யூவுக்கு 10, ஐக்கு 1. எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் க்யூ-ஐ வருகிற மாதிரி பொருத்திவிட்டால் ஒரே ஆட்டத்தில் 62 புள்ளி!

அப்புறம், பெட்டியில் யூ நாலுதான், அதற்காகக் க்யூவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்போது அந்த 10-ஐக் கழித்துவிடுவார்கள். வார்த்தை தேடும் கருவியில் "க்யூ இருக்க வேண்டும், யூ இருக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டுப் பாருங்கள், பட்டியல் தானாக வரும்.