தொகையை விடுங்கள், எத்தனை ஆண்டு?

மாமன்றக் கூட்டத்தில் ஒரு கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கும் தீர்மானம் வந்தால் ஆளாளுக்குப் பேசுவார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, எழுத்து என்ன நிறம் என்று கூச்சல் அடங்கவே நேரமாகும். அடுத்த பொருள், மாநகராட்சி நிலத்தை 30 ஆண்டு குத்தகைக்கு விடுவது. "ஏற்கப்பட்டது." அவ்வளவுதான். உறுப்பினர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பலகை கண்ணுக்குத் தெரிகிறது, குத்தகைப் பத்திரத்தின் பின்னிணைப்பு தெரிவதில்லை.

நிதி, சொத்து, விளம்பரப் பலகை மூன்றும் நிகழ்ச்சி நிரலில் தனித்தனி எண்ணில் வந்தாலும், மூன்றிலும் உறுப்பினர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஆண்டுக்கு என்பதைத்தான். எவ்வளவு தொகை என்பதை அலுவலகக் குறிப்பே முதல் பத்தியில் சொல்லிவிடும். ஆண்டுக் கணக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பட்ஜெட்டில் இருந்து தொடங்கலாம். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குப்பை அள்ளும் ஒப்பந்தம் எல்லாம் வருஷா வருஷம் வரும் செலவு. அதற்கு ஈடாக வருஷா வருஷம் வரும் வரவு இருக்க வேண்டும்: சொத்துவரி, வாடகை, உரிமக் கட்டணம். நிலம் விற்ற பணமோ, குத்தகைக்கு மொத்தமாக வாங்கிய முன்தொகையோ ஒருமுறை வருவது. அது மூலதனக் கணக்கில், அதாவது புதிய சொத்து உருவாக்கவோ கடன் அடைக்கவோ, நிற்க வேண்டிய பணம். ஆனால் பற்றாக்குறை வரும் ஆண்டில் அது மெல்ல "இதர வரவு" என்ற தலைப்பின் கீழ் வந்து உட்கார்ந்துகொள்ளும், பட்ஜெட்டும் உபரி பட்ஜெட் ஆகிவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. தணிக்கை முடிந்த கடைசி மூன்று ஆண்டுக் கணக்கை எடுங்கள் (திருத்திய மதிப்பீடு வேண்டாம், அதில் இன்னும் நம்பிக்கைதான் எழுதியிருக்கும்). இதர வரவின் உட்பிரிவைக் கேட்டு, ஒருமுறை வந்ததையெல்லாம் அடித்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள். பெரும்பாலும் உபரி காணாமல் போகும். சொத்துவரியில் கேட்புத் தொகையை (வசூலாக வேண்டியதை) போட்டிருக்கிறார்களா, வசூலான தொகையைப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பல ஆண்டு நிலுவையையும் சேர்த்து "இந்த ஆண்டு வரவு" என்று காட்டினால், அதில் பாதி பழைய கதவிலக்கங்களும் வழக்கில் கிடக்கும் கட்டடங்களுமாக இருக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகர மன்றம் 2023 செப்டம்பரில், அத்தியாவசியம் தவிர எல்லாப் புதிய செலவையும் நிறுத்தும் 114-ஆம் சட்டப் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. பெண் ஊழியர்களின் சம ஊதிய பாக்கியும், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு செலவு இழுத்த கணினி மென்பொருளும் முக்கியக் காரணங்கள். அங்கே சொத்து விற்ற பணத்தை அன்றாடச் செலவுக்குத் தொடக்கூடாது என்பதுதான் பொது விதி. நெருக்கடி முற்றியபின் மத்திய அரசிடம் சிறப்பு அனுமதி வாங்கி, அதையே செய்ய வேண்டியதாயிற்று. விதி இருந்தும் இந்தக் கதி. விதியே இல்லாத ஊர்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது சொத்து. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் சிகாகோ மாநகரம், தெருவோரம் இருந்த சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்குத் தனியாரிடம் கொடுத்தது. கைக்கு வந்தது சுமார் 115 கோடி டாலர். அறிவிப்பு வந்த சில நாளிலேயே மன்றம் 40-க்கு 5 என்று நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே அந்த மாநகரின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், சுமார் 97 கோடி டாலர் குறைவாக வாங்கிவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தது. வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் பட்ஜெட் ஓட்டைகளை அடைக்கவே போய்விட்டது. ஒப்பந்தம் முடிவது 2080-களில்.

75 ஆண்டு என்பது எப்படிப்பட்ட தானம் என்று கணக்குப் போட்டால்தான் புரியும். ஆண்டுக்கு 1 கோடி நிலையான வருமானம் தரும் ஒரு சொத்து. ஏலம் கேட்பவர் தன் முதலீட்டுக்கு 10 சதவீதம் எதிர்பார்க்கிறார். 30 ஆண்டுக்கு அவர் இன்று தரக்கூடியது சுமார் 9.43 கோடி. 75 ஆண்டுக்கு? 9.99 கோடி. மேற்கொண்டு 45 ஆண்டுகளை அள்ளிக் கொடுத்ததற்குக் கிடைப்பது அரைக் கோடிக்குச் சற்று மேல். வருமானம் ஆண்டுதோறும் ஏறும் என்றால் வித்தியாசம் கூடும்தான், ஆனாலும் பிற்கால ஆண்டுகளுக்கு வாங்குபவர் அடிமாட்டு விலைதான் போடுவார். ஆகவே நீண்ட குத்தகைத் தீர்மானம் வந்தால், அதே சொத்துக்கு 15, 30 ஆண்டுகளுக்கு என்ன விலை வரும் என்ற ஒப்பீட்டு அட்டவணையைக் கேளுங்கள். இல்லை என்றால் தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

வாடகை உயர்வு வாசகத்தில் இரண்டே சொற்களில் பெரும் பணம் போகும். "மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம்" என்று இருக்கும். எதன் மேல் 15? முதல் வாடகையின் மேல் என்றால், 100 ரூபாய் வாடகை 27-ஆம் ஆண்டு முடிவில் 235 ரூபாய். கடைசியாகச் செலுத்திய வாடகையின் மேல் என்றால் சுமார் 352. பத்திரம் எழுதுகிறவர் இதைத் தெளிவாக எழுதாமல் விட்டால், வழக்கு மன்றத்தில் குறைந்த தொகைக்குத்தான் வாதாடுவார்கள். உள்வாடகைக்கு விட அனுமதி உண்டா, பயன்பாட்டை மாற்றலாமா, காலம் முடிந்ததும் மேலே கட்டிய கட்டடம் யாருக்கு என்பவையும் முக்கியம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது இழப்பீட்டு வாசகம். சிகாகோவில் விழாவுக்கோ சாலைப் பணிக்கோ மீட்டர் இருக்கும் தெருவை அளவுக்கு மேல் மூடினால், மாநகரமே நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தன் தெருவை மூட ஒரு ஊர் வாடகை கொடுக்கிறது!

விளம்பரப் பலகையிலும் இதே வியாதிதான். பத்தாண்டு ஒப்பந்தம், முன்பணம், முதல் நாளில், பலகை உறுதியாக நிற்கும் என்று ஒரு பொறியாளர் தரும் உறுதிச் சான்று. அதன்பின் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. பலகைக்கு எதிரி காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. விநாடிக்கு 50 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். 6 மீட்டருக்கு 3 மீட்டர் பலகை என்றால் ஏறக்குறைய 2.7 டன், அதுவும் பலகையின் வடிவத்துக்கு ஏற்ப விசையைக் கூட்டும் வடிவக் குணகத்தைச் சேர்க்காமல். இதைத் தாங்க வேண்டியது பல இடங்களில் மொட்டைமாடியின் செங்கல் கைப்பிடிச் சுவர். சுவரில் துளையிட்ட ஆங்கர் போல்ட் வழியே மழைநீர் இறங்கும், உள்ளே துரு பிடிக்கும், வெல்டிங் இணைப்பு பெயின்டுக்கு அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் புதுப் பலகை.

அதனால் உரிமம் ஓராண்டுக்குத்தான், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் போல்ட், வெல்டிங் படங்களோடு புதிய உறுதிச் சான்று என்று நிபந்தனை போடுங்கள். அகற்றும் செலவுக்கு ஈடான வைப்புத்தொகையைப் பலகை ஏறும் முன்பே வாங்குங்கள். நிறுவனம் மறைந்துவிட்டால் கிரேன் வாடகை மாநகராட்சி தலையில்தான். ஜன்னலை மறைக்கும் பலகையையும், தீயணைப்பு ஏணி வந்து சேரும் முகப்பை அடைக்கும் பலகையையும் எந்தக் கட்டணத்துக்கும் அனுமதிக்கவே கூடாது.

வருமானம் போய்விடும் என்பார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநகரம் 2007 ஜனவரி முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே எடுத்துவிட்டது. கடைப் பெயர்ப்பலகைக்கு முகப்பின் அகலத்தை வைத்து அளவு: 10 மீட்டருக்குக் குறைந்த முகப்புக்கு ஒன்றரை சதுர மீட்டர், 10 முதல் 100 மீட்டருக்கு 4 சதுர மீட்டர். டேப் வைத்து அளந்தால் தீர்ந்தது, அதிகாரியின் ரசனைக்கு வேலையில்லை. பிற்பாடு பேருந்து நிறுத்தங்களிலும் தெருக் கடிகாரங்களிலும் மட்டும் ஒப்பந்த முறையில் விளம்பரத்தை அனுமதித்தார்கள்.

கடைசியாக, கூட்டம் தொடங்கியபின் மேசைக்கு வரும் டேபிள் அஜெண்டா. ஐந்தாண்டுக்கு மேல் நீளும் எந்த ஒப்பந்தமும் இப்படி வரக்கூடாது என்று மன்ற நடைமுறை விதியிலேயே திருத்தம் கொண்டுவரலாம். அது நடக்கும்வரை, வெளிநடப்பு செய்யாமல் உட்கார்ந்து, எந்தப் பிரிவை எதிர்க்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். தணிக்கையாளர் கையில் கிடைப்பது அந்தத் தாள் மட்டும்தான்.