ஐந்து கிலோ என்பது எல்லா இறைச்சிக்கும் இல்லை

"ஆஸ்திரேலியாவில் வேட்டையாடிய மானோ பன்றியோ, நன்றாக உறைய வைத்துக் காற்றில்லாமல் பேக் பண்ணினால் ஆளுக்கு 5 கிலோ சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாம், எவரும் கேட்க மாட்டார்கள்." குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

5 கிலோ வரம்பு உண்மைதான். ஆனால் சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த நாடுகளிலிருந்து, அனுமதித்த இறைச்சி வகைக்கு மட்டும்தான் அது. எந்த நாடு, எந்த விலங்கு என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். அருகிவரும் விலங்காக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் தனி அனுமதியும் வேண்டும்.

உறைய வைத்தால் இறைச்சி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி உறைந்த இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றிகளைக் கொன்றுவிடும். 2023 பிப்ரவரியில் இங்கே சிங்கப்பூரிலேயே செத்துக் கிடந்த காட்டுப்பன்றியில் அது கண்டுபிடிக்கப்பட்டது. கரடி இறைச்சியில் இருக்கும் ஒருவகைப் புழுவும் ஃப்ரீசர் குளிருக்குச் சாகாது.

அப்புறம், இறைச்சி உருகாமல் இருக்கப் பெட்டியில் வைக்கும் உலர்பனி (dry ice, உறைந்த கரியமில வாயு). விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு 2.5 கிலோ வரை பெட்டியில் வைக்கலாம், ஆவி வெளியேற வழி இருக்க வேண்டும். ஆனால் விமானத்தில் ஏற்ற விட்டார்கள் என்பதால் சாங்கி விமான நிலையத்தில் இறக்க விடுவார்கள் என்று அர்த்தமில்லை. பெட்டியில் இறைச்சி இருந்தால் சுங்கச் சோதனையில் 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்ற பச்சை வழியில் நழுவாமல், சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள்.